எட்டு ஆண்டுகள் நின்ற மாஸ்டா எம்எக்ஸ்-5: சாவியைத் திருப்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

லெஸ்டர்க்காரி எழுதியது:

வணக்கம். இது அப்பாவின் கார். 1991ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் இன்ஜின், சிவப்பு நிறம். 2017 அக்டோபரில் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முந்தைய வாரம் வீட்டு கராஜில் நிறுத்தியவர் அதன் பிறகு அதை வெளியே எடுக்கவே இல்லை. வருகிற ஆகஸ்டில் அவருக்கு 70 வயது நிறைகிறது. அன்று அவரை இதில் உட்கார வைத்துத் தெருமுனை வரையாவது ஓட்டிச் செல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

நேற்றுத் துணியை விலக்கிப் பார்த்தேன். பேட்டரி 3 வோல்ட் காட்டுகிறது. பெட்ரோல் பாதி டாங்க் இருக்கிறது. மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை அடிக்கிறது. ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரிலிருந்து வயர் போட்டு இன்றே கிளப்பித் தருவதாகச் சொல்கிறார். எனக்குத்தான் கை நடுங்குகிறது. கிளப்பலாமா?

பழைய பட்டறை எழுதியது:

வேண்டாம் அம்மா. அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

எட்டு ஆண்டுகளில் எண்ணெய் முழுவதும் அடித்தட்டுக்கு வடிந்திருக்கும். பேரிங்குகளும் சிலிண்டர் சுவரும் உலர்ந்து கிடக்கும். அந்த நிலையில் இன்ஜின் எரிந்து ஓட ஆரம்பித்தால், எண்ணெய் மேலே வந்து சேரும்வரை உலோகத்தோடு உலோகம் உரசும். அதனால் முதலில் எண்ணெய், பிறகு பெட்ரோல், கடைசியில்தான் தீப்பொறி. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விடுங்கள். ஓர் இரவு ஊறட்டும். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்க கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றுங்கள். முன்னால் நின்று பார்க்கும்போது கடிகார முள் செல்லும் திசையில் மட்டும் சுற்ற வேண்டும். மெதுவாக, இரண்டு முழுச் சுற்று. எங்காவது முட்டினால் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள். பலத்தைக் காட்ட வேண்டாம். சுற்றும்போது புல்லி தள்ளாடுகிறதா என்றும் கவனியுங்கள். ஆரம்பகால 1.6 இன்ஜின்களில் கிராங்கின் மூக்கு, அதாவது புல்லி பொருந்தும் தண்டு முனை, குட்டையானது, அங்கே தேய்மானம் வரும். புல்லியின் நடுவட்டத்தில் 4 வெட்டுகள் இருந்தால் குட்டை மூக்கு, 8 இருந்தால் நீள மூக்கு.

பழைய ஆயிலை வடித்துவிட்டு ஃபில்டரையும் மாற்றுங்கள். சுமார் மூன்றரை லிட்டர் பிடிக்கும். ஃபில்டர் இன்டேக் குழாய்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும்; கையை வளைத்துத்தான் எட்ட முடியும்.

பேட்டரி புதிது வாங்குங்கள். 3 வோல்ட்டுக்கு இறங்கியதை இனி நம்ப முடியாது. இந்த காரில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால், வாயுவை வெளியே கடத்தும் குழாய் பொருத்தக்கூடிய பேட்டரியாகக் கேட்டு வாங்குங்கள்.

மின்னல் எழுதியது:

இவ்வளவு தேவையா ஐயா? என் கார் மூன்று ஆண்டுகள் நின்றது. வயர் போட்டுத்தான் கிளப்பினேன். இன்றுவரை ஓடுகிறது.

பழைய பட்டறை எழுதியது:

உங்கள் கார் ஓடுவதில் மகிழ்ச்சி தம்பி. ஆனால் மூன்று வேறு, எட்டு வேறு. 2017இல் ஊற்றிய பெட்ரோலிலும் 5 சதவீதம் வரை எத்தனால் இருந்திருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாளடைவில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடிமட்டத்திலிருந்துதான். சாவியைத் திருப்பியதும் அந்தக் கழிவு நேரே பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும்.

இன்னொன்று. இந்த மாஸ்டாவில் வால்வுகளைக் கிராங்கோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது. போர்ஷே 944 வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் இன்ஜினில் இடிக்கும். பெல்ட்டை மாற்றாமல் முதல் முறைகூடச் சுற்றாதீர்கள்.

லெஸ்டர்க்காரி எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். புல்லியில் 8 வெட்டுகள். இன்ஜின் தடையில்லாமல் சுற்றியது. ஸ்பானர் வழியாக அந்த அசைவு உள்ளங்கையில் தெரிந்தபோது கண் கலங்கிவிட்டது.

ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலிக்கூடு இருந்தது. சோபாப் பஞ்சும், அப்பா தொலைத்துவிட்டதாகத் தேடிய இன்சூரன்ஸ் கடிதத்தின் துணுக்குகளும். உறிஞ்சு குழாய் வைத்து டாங்கைக் காலி செய்தேன். கண்ணாடிக் குடுவையில் பிடித்துப் பார்த்தால் மேலே தேநீர் நிறம், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கிய தண்ணீர். பெட்ரோல் ஃபில்டரும் ஆயிலும் மாற்றியாகிவிட்டது. அடுத்து?

பழைய பட்டறை எழுதியது:

அந்தக் குடுவைதான் மின்னல் தம்பிக்குப் பதில்.

பழைய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மாநகராட்சிக் கழிவு நிலையத்தில் வாங்குவார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள். புதிதாக 10 லிட்டர், எத்தனால் குறைந்த சூப்பர் ரகத்தை ஊற்றுங்கள். 2021 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பருக்கு அது நல்லதல்ல.

இப்போது காரை வெளியே தள்ளுங்கள். கராஜுக்குள் கிளப்பவே கூடாது, புகை ஆளைக் கொல்லும். தீயணைப்பான் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிளக்குகள் இன்னும் வெளியிலேயே இருக்க வேண்டும். சிலிண்டர் ஹெட்டின் பின்புறமுள்ள கேம் சென்சாரின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். தீப்பொறியும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது. பிளக் துளைகளைத் துணியால் மூடி, ஸ்டார்ட்டரைப் பத்து விநாடி சுற்றுங்கள், ஒரு நிமிடம் ஓய்வு. ஆயில் பிரஷர் முள் எழும்வரை இப்படியே.

முள் எழுந்த பிறகு, இன்ஜின் அறையிலுள்ள டயக்னோசிஸ் பெட்டியைத் திறந்து எஃப்பி, ஜிஎன்டி என்று குறித்த இரு துளைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்துச் சாவியை ஆன் நிலையில் வையுங்கள். இன்ஜின் ஓடாமலே பெட்ரோல் பம்ப் ஓடும். உடனே டார்ச் எடுத்து டாங்க் முதல் இன்ஜெக்டர் வரை ஒவ்வோர் இணைப்பாகப் பாருங்கள். இதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

லெஸ்டர்க்காரி எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னதால்தான் பார்த்தேன். நான்காவது முறை சுற்றியபோது பிரஷர் முள் எழுந்தது. பம்ப்பும் முனகிக்கொண்டு ஓடியது. இன்ஜினுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ், கிளிப்பை ஒட்டிய இடத்தில் மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. முதலில் ஈரம் மினுங்கியது, அப்புறம் ஒரு சொட்டு, அப்புறம் நிற்காமல் சொட்டியது. கீழே ஸ்டார்ட்டர் வயர்கள். உடனே சாவியை அணைத்துவிட்டேன்.

பிஞ்சுபோன அந்தத் துண்டை மேசையில் வைத்திருக்கிறேன். விரலால் மடக்கினால் காய்ந்த முருங்கைக்காய் போல ஒடிகிறது. இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கென்றே செய்த புது ஹோஸ் போட்டு மீண்டும் சோதித்தேன். ஒரு சொட்டும் இல்லை.

பழைய பட்டறை எழுதியது:

அன்றே வயர் போட்டுக் கிளப்பியிருந்தால் அந்தச் சொட்டு சூடான இன்ஜின்மேல் விழுந்திருக்கும் அம்மா. இப்போது பிளக், சென்சார் எல்லாம் மாட்டிக் கிளப்புங்கள். சிலிண்டரில் விட்ட ஆயில் எரிந்து சில நிமிடம் புகை வரும். மேலே டிக் டிக் என்று சத்தம் கேட்கும். அது வால்வுகளைத் தள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர்களில் எண்ணெய் நிறையும்வரைதான். ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள்.

மின்னல் எழுதியது:

அக்கா, என் காரின் ஹோஸ்களை இன்று மாலையே பார்க்கிறேன். ஐயாவுக்கு நன்றி.

லெஸ்டர்க்காரி எழுதியது:

சனிக்கிழமை காலை 11 மணிக்கு மூன்றாவது முறையில் பிடித்துக்கொண்டது. டிக் டிக் சத்தம் இருபது நிமிடத்தில் அடங்கியது. அப்பா மாடி ஜன்னலில் நின்றிருந்தார். சத்தத்தை வைத்தே, "ஐடில் கொஞ்சம் அதிகம்" என்று சொன்னார்.

பின் வலது பிரேக் இன்னும் விடவில்லை. கிளட்ச் பெடலும் பாதி வழியில் தொய்கிறது. கிளட்சைத் தள்ளும் சிறு சிலிண்டரான ஸ்லேவ் சிலிண்டராக இருக்குமா? சாலையில் ஓட்டத் தகுதி பார்க்கும் எம்ஓடி சோதனைக்கு முன் இரண்டையும் முடித்தாக வேண்டும்.

பழைய பட்டறை எழுதியது:

ஸ்லேவ் சிலிண்டர்தான், இந்த காரில் அடிக்கடி போவது. ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள், உள்ளே திரவம் கசிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பிரேக் திரவமும் எட்டு ஆண்டு ஈரத்தைக் குடித்திருக்கும், முழுவதும் புதிதாக்குங்கள். பின் காலிப்பரின் படத்தைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.