ஒரே நன்கொடையாளரை நம்பியிருந்தால் தொண்டு நிறுவனத்தின் வேலைத்தரம் கெடுமா?

கேள்வி:
எங்கள் தொண்டு நிறுவனத்தின் ஆண்டு வருவாயில் 80 விழுக்காடு ஒரே அறக்கட்டளையிலிருந்து வருகிறது. மீதியை இருவர் சமமாகத் தருகிறார்கள். பணம் ஒருமுறைகூடத் தவணை தவறியதில்லை. ஆயினும், இந்நிலை நீடித்தால் செயல்திறன் கெடும் என்று நிர்வாகக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் வாதிடுகிறார். நிதி நின்றால் சிக்கல் என்பது தெரிந்ததே. நிற்காதவரை வேலையின் தரம் எப்படிக் கெடும்?

மறுமொழி 1:
முதலில் அளந்து பாருங்கள். ஒவ்வொரு வருவாய் மூலத்தின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால், வருவாய் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதைக் காட்டும் ஹெர்ஃபிண்டால் குறியீடு கிடைக்கும்; 1-ஐ நெருங்க நெருங்கக் குவிப்பு அதிகம். உங்களுக்கு அது 0.66; நால்வர் சமமாகக் கொடுத்திருந்தால் 0.25. டக்மன், சாங் என்ற ஆய்வாளர்கள் 1991-இல் நிதி நலிவுக்கு வகுத்த நான்கு அளவைகளில் இந்த வருவாய்க் குவிப்பும் ஒன்று. நிர்வாகச் செலவு மிகக் குறைவாக இருப்பதையும் அவர்கள் நலிவாகவே கணக்கிட்டார்கள். நெருக்கடியில் வெட்டுவதற்கு வேறெதுவும் இல்லாமல் நேரடியாகச் சேவையில் கைவைக்க நேரும் அல்லவா? நன்கொடையாளர்கள் மெச்சுவதென்னவோ அந்தக் குறைந்த நிர்வாகச் செலவைத்தான்.

மறுமொழி 2:
கேள்விக்கு நேரான விடை அறிக்கைப் படிவத்தில் இருக்கிறது. நான் பணியாற்றிய மாலை நேரக் கல்வி மையத்துக்கு ஒரே நிதியாளர்தான். அவருடைய காலாண்டுப் படிவத்தில் 'சேர்ந்த பிள்ளைகள்' என்ற கட்டம் இருந்தது. 'வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள்' என்ற கட்டம் இல்லை. எவரும் மிரட்டவில்லை, கட்டளையிடவுமில்லை. ஆனாலும் இரண்டே ஆண்டுகளில், எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த ஆசிரியைகள், புதுப் பிள்ளைகளைச் சேர்க்க வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கை ஏறியது, பாராட்டுக் கடிதமும் வந்தது. நிறுவனம் தன் இலக்கைத் தானே மாற்றிக்கொள்ளும் இந்த வழுக்கலைப் பணம் நிற்பதைவிடப் பெரிய கேடு என்பேன்.

மறுமொழி 3:
அதற்காகப் பத்துப் பேரிடம் கையேந்துவதும் மருந்தாகாது. பத்துப் படிவம், பத்துத் தணிக்கை என்று வேலைநேரம் அதிலேயே கரையும். அமெரிக்காவில் 1970-க்குப் பின் தொடங்கி ஆண்டு வருவாய் 5 கோடி டாலரை எட்டிய 144 நிறுவனங்களை ஆராய்ந்த 2007-ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று, பெரும்பாலானவை ஒரே வகை நிதி மூலத்தைப் பற்றிக்கொண்டே வளர்ந்தன என்று கண்டது. ஒரே வகை என்பது ஒரே ஆள் அல்ல என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. 2025 சனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, அதையே நம்பியிருந்த அமைப்புகள் பல நாடுகளில் சில நாட்களிலேயே பணியாளர்களை வீட்டுக்கு அனுப்ப நேர்ந்தது. ஆகவே கையிருப்பு நிதிக்கும், விலகுவதற்கு முன்னறிவிப்புக் காலத்துக்கும் ஒப்பந்தத்திலேயே இடம் கேளுங்கள்.

கேட்டவர்:
நன்றி. மூன்றாண்டு அறிக்கைகளையும் அடுக்கிவைத்துப் பார்த்தேன். பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை எல்லாவற்றிலும் இருக்கிறது. பயிற்சிக்குப் பின் வேலை கிடைத்தவர் எத்தனை பேர் என்பது முதலாண்டு அறிக்கையில் மட்டும் இருக்கிறது. அந்தப் பத்தியை நீக்கியவன் நானேதான்.