சர்வதேச யாட் பந்தய அணி: முதலில் யாரை எடுப்பது?

தென்றல்_திசை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நான்கு பேர். பத்து வருடமாகச் சின்ன கீல் படகில் (அடியில் கனமான தகடு பொருத்திய பாய்மரப் படகு) வார இறுதிப் பந்தயங்கள் ஓடுகிறோம். போன மாதம் எங்கள் ஓட்டத்தைப் பார்த்த ஒருவர், மூன்று வருடச் செலவை ஏற்றுக்கொள்கிறேன், தொழில்முறை அணியாகச் சர்வதேசப் போட்டிகளில் இறங்குங்கள் என்றார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

குழப்பம் இதுதான். பெயர்பெற்ற ஸ்கிப்பர் (படகை ஓட்டும் தலைவர்) ஒருவர் வரத் தயார். ஆனால் முதல் வருடப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கே போய்விடும். பணம் போடுகிறவருக்கு அவர் வந்தால் விளம்பரம் கிடைக்கும் என்று ஆசை. ஃபாயிலிங் படகுக்கு, அதாவது அடியிலுள்ள இறக்கைகளால் தண்ணீருக்கு மேல் எழும்பி ஓடும் படகுக்குப் போவதா, கீல் படகிலேயே இருப்பதா என்பது அடுத்த கேள்வி. தொழில்முறை அணி என்று ஆனபின் நாங்கள் நால்வரும் அதில் இருப்போமா, எங்கள் இடத்தில் வேறு ஆட்கள் வருவார்களா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

பாய்மேகம்:

ஸ்கிப்பரை விடாதீர்கள். 2013 அமெரிக்கா கோப்பை பாய்மரப் பந்தயத்தை நினைத்துப் பாருங்கள். ஆரக்கிள் அணி ஆரம்பத்திலேயே தோற்றுக்கொண்டிருந்தது. டாக்டீஷியனை (எந்தப் பக்கம் போவது என்று வியூகம் சொல்கிறவரை) மாற்றி பென் எய்ன்ஸ்லியை ஏற்றினார்கள், 8-1 வரை பின்தங்கியும் கடைசியில் 9-8 என்று கோப்பையைத் தூக்கினார்கள். பெரிய ஆள் என்றால் பெரிய ஆள்தான். பணத்தை அங்கே போடுங்கள்.

முன்தளத்து_முழங்கால்:

தம்பி, ஒன்பது சீசன் பௌமேனாக முன்தளத்தில் மண்டியிட்டே முழங்கால் போனவன் நான். அதற்கப்புறம் ஆறு வருடம் அணி மேலாளர். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாய்மேகம் சொன்ன கதை உண்மைதான், ஆனால் பாதிக் கதை. எய்ன்ஸ்லி ஏறியது எல்லோருக்கும் தெரிந்தது. ஒவ்வொரு நாள் பந்தயம் முடிந்ததும் அந்தப் படகைக் கரைக்கு இழுத்து, ராத்திரியெல்லாம் அதில் மாற்றம் செய்துகொண்டிருந்த கரைக்குழுவைக் கேமரா காட்டவில்லை. அதோடு, முந்தைய சின்னப் படகுகளில் விதிமீறி எடை சேர்த்ததற்குத் தண்டனையாக இரண்டு புள்ளி கழித்துத்தான் அந்த அணி தொடங்கியது. கோப்பைக்காக 11 பந்தயம் ஜெயிக்க வேண்டியிருந்தது. ஓர் ஆளை மாற்றினால் நடக்கிற காரியமா அது?

முதல் ஆளாகப் போட் கேப்டனை எடுங்கள் என்பதுதான் என் பதில். வெளியாட்கள் அவரையும் ஸ்கிப்பரையும் ஒன்றாக்கிவிடுவார்கள். ஸ்கிப்பர் படகை ஓட்டுகிறவர். போட் கேப்டன் படகைப் பார்த்துக்கொள்கிறவர். கயிறு, கப்பி, வின்ச், அடிப்பக்கப் பாலிஷ், கன்டெய்னரில் எந்தப் பெட்டிக்குப் பின்னால் எந்தப் பெட்டி என்பது வரை அவர் தலையில்.

எங்களிடம் அப்படி ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். சாயங்காலம் நாங்கள் குளித்துச் சாப்பிடப் போகும்போது, அவர் காக்பிட்டில் உட்கார்ந்து ஹேலியார்டு ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டிருப்பார். பாயை மேலே ஏற்றும் அந்தக் கயிற்றைக் கிளட்ச் என்கிற பிடிப்பான் கடித்துப் பிடிக்கிற இடம் ஒன்று உண்டு. தினமும் அதே இடத்தில் கடிபட்டால் வெளி உறை நைந்துபோகும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். லேசாகச் சொரசொரப்பு தட்டினாலே கயிற்றின் நுனியில் ஒரு சாண் வெட்டி முடிச்சை மாற்றிப் போடுவார். அடுத்த நாள் கிளட்ச் புது இடத்தில் கடிக்கும். இது ஒரு வேலையா என்று நாங்களே கிண்டல் செய்திருக்கிறோம்.

மூன்றாவது சீசனில் உங்களைப் போலவே எங்களுக்கும் ஒரு பெரிய பெயர் மேல் ஆசை வந்தது. பதக்கம் வாங்கிய டாக்டீஷியன். அவர் சம்பளத்துக்கு இடம் பண்ணப் போட் கேப்டனை அனுப்பிவிட்டோம். ஓட்டெடுப்பில் நானும் கை தூக்கினேன். ஒளித்து என்ன பயன்?

அடுத்த ரெகாட்டா, அதாவது பந்தயத் தொடர். இரண்டாவது நாள், 18 நாட் (மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டர்) காற்று. புது டாக்டீஷியன் சொன்ன பக்கமெல்லாம் காற்று திரும்பியது. நிஜமாகவே அபாரமான ஆள். மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தோம். இரண்டாவது முறை காற்றை எதிர்த்து ஏறும்போது ஜிப் என்கிற முன்பாயின் ஹேலியார்டு உறை பிய்ந்து, கிளட்சுக்குள் கொத்தாக மாட்டிக்கொண்டது. உள்கயிறு வழுக்கி ஜிப் ஓர் அடி கீழே இறங்கிவிட்டது. பாயின் முன்விளிம்பு துணிக்கொடி மாதிரி அலை அலையாகத் தொங்குகிறது. ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. நான் கத்தியை வாயில் கடித்துக்கொண்டு பாய்மரத்தடிக்கு ஊர்ந்தேன். பதினொன்றாவதாக முடித்தோம். டாக்டீஷியன் ஒரு வார்த்தை பேசவில்லை, கையுறையைக் கழற்றிப் பையில் போட்டார். அது திட்டியதைவிட மோசம்.

பெரிய அணிக்கும் இதே கதிதான். 2003 அமெரிக்கா கோப்பையில் நியூசிலாந்து அணியின் படகுக்கு வேகத்தில் குறையில்லை. ஆனால் முதல் பந்தயத்திலேயே தண்ணீர் ஏறி, சாமான் உடைந்து விலக வேண்டியதாயிற்று. நான்காவது பந்தயத்தில் பாய்மரமே முறிந்தது. 5-0. ஜெயித்தது அலிங்கி, கடலே இல்லாத சுவிட்சர்லாந்தின் அணி. அந்த அணியைக் கட்டிய விதத்தைக் கவனியுங்கள். ஸ்கிப்பர் ரஸ்ஸல் கவுட்ஸ் நியூசிலாந்து அணியிலிருந்து தனியாக வரவில்லை. பிராட் பட்டர்வர்த்தும் பழைய கூட்டாளிகள் சிலரும் கூடவே வந்தார்கள். பல வருடம் ஒருவரை ஒருவர் தண்ணீரில் பார்த்துப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தைத்தான் அலிங்கியின் உரிமையாளர் பெர்ட்டரெல்லி பணம் கொடுத்து வாங்கினார் என்பேன். உங்கள் நால்வரிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கலைத்துவிட்டு ஒரு பெயரை வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஃபாயிலிங் பற்றிச் சுருக்கமாக: இப்போது வேண்டாம். செயில்ஜிபி என்ற ஃபாயிலிங் பந்தயத் தொடர் ஒரு தனி உலகம். எல்லோருக்கும் ஒரே எஃப்50 படகு, ஓர் அணியின் தரவு மற்ற அணிகளுக்கும் திறந்திருக்கும், வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடுகிறது. சின்ன ஃபாயிலிங் படகு என்றாலும் பின்னால் ஒரு துரத்துபடகு, அதில் பயிற்சி பெற்ற மீட்பாள், ஹெல்மெட், மூச்சுக்குச் சின்ன அழுத்தக் காற்றுக் குப்பி எல்லாம் வேண்டும். 2013 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் பயிற்சியின்போது ஆர்ட்டெமிஸ் அணியின் படகு கவிழ்ந்து ஆண்ட்ரூ சிம்ப்சன் இறந்தார். ஒலிம்பிக் தங்கம் வாங்கிய மாலுமி. அதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

என்னைக் கேட்டால் ஒன்-டிசைன் கீல் படகு. மெல்ஜஸ் 24, ஜே/70 மாதிரி. எல்லோர் படகும் ஒன்றே என்பதால் தோற்றால் படகைக் குறை சொல்ல முடியாது, நீங்கள் சரியாக ஓட்டவில்லை என்று அர்த்தம். மூன்று வருடம்தான் கையில் இருக்கிறது என்றால் இந்தக் கசப்பு மருந்துதான் சீக்கிரம் வேலை செய்யும்.

பணம் எங்கே போகும் என்று நினைக்கிறீர்களோ அங்கே போகாது. நுழைவுக்கட்டணம் சில்லறை. கன்டெய்னர் போக்குவரத்து, தங்குமிடம், காப்பீடு, புதுப் பாய்கள், இந்த நான்கும்தான் விழுங்கும். இரண்டாவது செட் பாய் உடனே வாங்க ஆசை வரும். முதல் செட்டோடு தண்ணீரில் அதிக நாள் இருந்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். இன்னொரு அணியோடு பேசி, இரண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, ஒருவர் பாய்மரக் கம்பியை முறுக்க மற்றவர் அப்படியே வைத்திருந்து வித்தியாசம் பாருங்கள். ஒரு மத்தியானத்தில் ஒரு சீசன் பாடம் கிடைக்கும்.

பணம் போடுகிறவரிடம் காலாண்டுக்கு ஒருமுறை முன்பணமாக வாங்குங்கள். எங்களுடையவர் நல்ல மனிதர், ஆனால் ‘அடுத்த வாரம்’ என்பார். அந்த அடுத்த வாரத்தில் கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும், வாடகை ஏறும்.

சுக்கான்பிடி:

முழங்கால் அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம். தென்றல், நீங்கள் இனி சம்பளம் வாங்கினால் சர்வதேசப் பாய்மரக் கூட்டமைப்பான வேர்ல்ட் செயிலிங்கின் வகைப்பாட்டில் குழு 3, தொழில்முறையாளர் ஆகிவிடுவீர்கள். சில வகுப்புகளில் குழு 1 அமெச்சூர்தான் சுக்கான் பிடிக்கலாம், அல்லது தொழில்முறையாளர் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று இருக்கும். பணம் போடுகிறவர் தானே சுக்கான் பிடிக்க ஆசைப்படுகிறாரா என்று இப்போதே கேளுங்கள். நிறையப் பேர் ஆசைப்படுவார்கள், ஆனால் முதலில் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்று, வேலைப் பங்கீட்டை எழுதி வையுங்கள். 2014 நவம்பரில் உலகைச் சுற்றும் வோல்வோ ஓஷன் ரேஸில் வெஸ்டாஸ் விண்ட் படகு இந்தியப் பெருங்கடலில் கார்காடோஸ் காராஜோஸ் பவளத்திட்டில் ராத்திரியில் மோதியது. கை தேர்ந்த மாலுமிகள். எலக்ட்ரானிக் வரைபடத்தைப் போதுமான அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் திட்டு கண்ணில் படவில்லை. ஒன்பது பேரும் பிழைத்தார்கள். படகைத் திரும்பக் கட்டி 2015இல் அதே போட்டியில் மறுபடி இறங்கினார்கள். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் சரிபார்ப்பது யார் வேலை என்று எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் அணியில் அளவுச்சான்றிதழுக்கும் போட்டி அறிவிப்புகளுக்கும் ஒருவர், அவரைச் சரிபார்க்க ஒருவர்.

தென்றல்_திசை:

மிக்க நன்றி. முழங்கால் அண்ணா, படித்துவிட்டு நால்வரும் எடை மெஷினில் ஏறினோம். மொத்தம் 322 கிலோ. மெல்ஜஸ் 24க்கு என்ன கணக்கு? அப்புறம், அந்தப் போட் கேப்டன் என்ன ஆனார்?

முன்தளத்து_முழங்கால்:

மெல்ஜஸ் 24இல் குழுவினர் மொத்த எடை 375 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஆக, 53 கிலோவுக்குள் ஐந்தாவது ஆள் தேடுங்கள். டிங்கி (சின்னப் பாய்ப்படகு) ஓட்டிய பெண்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த எடையில் நல்ல கை கிடைக்கும். எடை பார்ப்பதற்கு முந்தின ராத்திரி பட்டினி கிடக்கும் அணிகளைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் இரண்டாவது பந்தயத்திலேயே கை நடுங்கும். இரண்டு கிலோ இடைவெளி விட்டே ஆளை எடுங்கள்.

அவரா? சீசன் முடிந்ததும் நானே போன் பண்ணினேன். ஹலோகூடச் சொல்லவில்லை. ‘கிளட்சுக்கு மேலேயா, கீழேயா பிய்ந்தது?’ என்றார். வருவீர்களா என்று கேட்டேன். சம்பளம் கூட்டிக் கேட்கவில்லை. கயிறு வாங்கும் பணம் தன் கையில் இருக்க வேண்டும், யாரிடமும் கையெழுத்துக்கு நிற்கமாட்டேன், இதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தோம். அன்றிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார்.