சொந்தத் தெருவைப் பற்றி எழுதத் தயங்குகிறேன், ஆலோசனை தேவை

கேள்வி: தறிக்குழி

வணக்கம். ஆரணிக்கு அருகே பட்டு நெசவை நம்பி வாழும் ஒரு தெருவில் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது வெளியூரில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். சில ஆண்டுகளாகச் சிறுகதைகள் எழுதி வருகிறேன். எதையும் இன்னும் இதழ்களுக்கு அனுப்பவில்லை. உடலையும் கரையையும் தனித்தனி நூலால் நெய்து இணைக்கும் கோர்வைச் சேலையில், மறுபக்கக் கரைக்கான நாடாவை, அதாவது ஊடை நூலைக் கொண்டுசெல்லும் கருவியைப் போட இன்னோர் ஆள் வேண்டும் என்பதற்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பிள்ளைகள், மழைக்காலத்தில் தறியின் கீழுள்ள கால்மிதிக் குழிக்குள் நீர் ஊறித் தறி நின்றுபோகும் வாரங்களில் முதலாளியிடம் ஏறிக்கொண்டே போகும் முன்பணம், இவைதாம் எனக்குத் தெரிந்த உலகம்.

படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், பாவு, ஊடை, தார், அச்சு என்றெல்லாம் நெசவுச் சொற்களாக எழுதினால் நகரத்து வாசகருக்கு விளங்காது, முதலில் பொதுவான காதல் கதைகளை எழுதிப் பெயர் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதினால் எங்கள் தெருவினர் தங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள். மாற்றி எழுதினால் கதை உயிரில்லாமல் கிடக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: கரிசல் வாசகர்

நண்பரே, உங்கள் நண்பரின் முதல் அறிவுரையைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் விவசாயம் பார்த்தவர்; பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்; முப்பது வயதைத் தாண்டிய பிறகே அவருடைய கதைகள் இதழ்களில் வரத் தொடங்கின. அவர் தம் ஊர்ப் பேச்சை வாசகருக்காகத் திருத்தவில்லை. மாறாக, 1982-இல் தம் ஊரைச் சூழ்ந்த கரிசல் மண் பகுதியின் வட்டார வழக்குக்கென்றே ஒரு சொல்லகராதியைக் கொண்டுவந்தார். 1991-இல் சாகித்திய அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தபோது, அது கரிசல்காட்டு மனிதர்களின் கதைக்குத்தான் கிடைத்தது. 'தார்' என்ற சொல் விளங்காத வாசகர், அந்தத் தாரைச் சுற்றிக்கொண்டிருக்கும் கிழவியின் விரல்களை நீங்கள் காட்டினால் விளங்கிக்கொள்வார். அடைப்புக்குறிக்குள் பொருள் எழுத வேண்டிய தேவையே இராது.

பொதுவான கதை என்று ஒன்று எங்கே இருக்கிறது என்பதையும் உங்கள் நண்பரிடம் கேட்டுச் சொல்லுங்கள். தமிழில் நமக்கு நினைவிருக்கும் காதல் கதைகளும் ஏதோ ஓர் ஊரின் தெருவில்தானே நடக்கின்றன!

பதில்: மெய்ப்புத் திருத்துநர்

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். ஆயினும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆர்வமும் நேர்மையும் இருந்தால் எழுத்து தானே வரும் என்று புதியவர்களுக்குச் சொல்வது எனக்கு ஒப்புதல் இல்லை. பதிப்பகம் ஒன்றில் நெடுங்காலம் மெய்ப்புப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: புதியவர்களின் பிரதிகளில் உணர்ச்சிக்குப் பஞ்சமே இல்லை, விவரத்துக்குத்தான் பஞ்சம். 'வறுமை அவர்களை வாட்டியது' என்று எழுதுபவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எதையும் பார்க்கவும் இல்லை. ஒரு சேலைக்கு என்ன கூலி, அதில் முன்பணத்துக்கென்று பிடித்தது எவ்வளவு, நெசவில் பிசிறு என்று சொல்லி முதலாளி குறைத்தது எவ்வளவு என்று நீங்கள் எழுதினால், வறுமை என்ற சொல்லே கதைக்குத் தேவைப்படாது. கணக்காளராகிய உங்களுக்கு இது மற்றவர்களைவிட நன்றாகக் கைவரும்.

அடுத்ததாக, கடுமையான ஒரு கேள்வியைக் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார்கள் என்கிறீர்கள். நீங்கள் படித்து வேலைக்குப் போயிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் வீட்டுத் தறியில் மறுகரையில் உட்கார்ந்தவர் யார்? தெருவினரைப் பற்றிய உண்மையை எழுதுவதற்கு முன்னால், அந்த உண்மையில் உங்களுக்குக் கிடைத்த பங்கை எழுதிப் பாருங்கள். எழுத்தில் நேர்மை என்று நான் கருதுவது இதைத்தான். தன்னைத் தவிர எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கதைகள் எத்தனை உருக்கமாக இருந்தாலும், இரண்டாம் வாசிப்பில் கசந்துவிடுகின்றன.

பதில்: தறிக்குழி

ஐயா, உட்கார்ந்தவர் என் அக்கா. நான் எழுதியுள்ள எந்தக் கதையிலும் அவர் இல்லை என்பதை உங்கள் கேள்விக்குப் பிறகே கவனித்தேன். இப்போது அதைத்தான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். எழுதி முடித்ததும் அவரிடம் காட்டிவிட்டு இதழுக்கு அனுப்புவதா, வெளிவந்த பின் காட்டுவதா என்பதில்தான் குழப்பம்.

பதில்: நூலக மேசை

முன்னதாகவே காட்டுங்கள். அனுமதி கேட்பதற்காக என்று இதைச் சொல்லவில்லை. மறுகரையில் உட்கார்ந்தவருக்கு மட்டுமே தெரிந்த செய்திகள் உங்கள் பிரதியில் இராது என்பதால் சொல்கிறேன். அவர் வருந்தக்கூடும், சினம் கொள்ளக்கூடும். அதற்கும் ஆயத்தமாக இருங்கள். எழுத்தாளர் பாமாவின் 'கருக்கு' 1992-இல் வெளிவந்தபோது அவருடைய ஊர் மக்களே கோபம் கொண்டார்கள், சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. ஊர்ப் பேச்சிலேயே எழுதப்பட்ட அந்தத் தன்வரலாறு இன்று பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. பாடமாகிவிட்டது என்பதால் அன்றைய வலி இல்லாமல் போய்விடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பெயர், வீடு, உறவுமுறை ஆகியவற்றை மாற்றுவது பிறருடைய மானத்தைக் காக்கும் என்றால் தாராளமாக மாற்றுங்கள். நடந்ததன் காரணத்தை மட்டும் மாற்றாதீர்கள், ஏனெனில் கதை செத்துப்போவது அங்கேதான்.

வாசகர் எண்ணிக்கையைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டாம். எழுத்தாளர் சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' மிகச் சிலரே வாங்கிய இதழ். அவர் புத்தகக் கட்டுகளைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். ஆயினும் தமிழ்ப் புதுக்கவிதை வேர்பிடித்தது அந்தச் சிற்றிதழில்தான்.

கதையை முடித்த பின் சில வாரங்கள் எடுக்காமல் வைத்திருந்து, பிறகு வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள். யாரும் பேசாத மொழியில் உங்கள் மாந்தர் பேசும் இடங்களைக் காது காட்டிக்கொடுக்கும். பிறகு, உங்கள் கதையின் இயல்புக்கு ஒத்த இதழ் எது என்று அதன் சில இதழ்களைப் படித்துத் தெரிந்துகொண்டு, ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருவில் தட்டச்சு செய்து, ஒரே இதழுக்கு மட்டும் அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவதை ஆசிரியர்கள் விரும்புவதில்லை. மறுமொழி வரத் தாமதமானால் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம்; அதற்குள் அடுத்த கதையைத் தொடங்கிவிடுங்கள்.