புதுப்பிப்பு: கடைசியில் சாவி கொடுக்கும் வாட்ச்தான்

தினமும் சாவி கொடுக்கும் வாட்ச் வாங்கலாமா, கை அசைவிலேயே தானாக முறுகிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக்கா என்று முன்பு கேட்டிருந்தேன். சாவி கொடுப்பதையே வாங்கிவிட்டேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தடிமன்தான் காரணம். ஆட்டோமேட்டிக்கில் இயந்திரத்தின் மேல் அரைவட்ட எடை ஒன்று சுழல வேண்டும். அது இல்லாததால் இது மெலிசு, முழுக்கைச் சட்டைக்குள் இடிக்காமல் போகிறது. காலையில் குமிழைத் திருகினால் முதலில் லேசாக இருக்கும், போகப்போக இறுகும், பிறகு சட்டென்று நின்றுவிடும். அதற்கு மேல் முறுக்கினால் செலவு நிச்சயம்!

"என் ஆட்டோமேட்டிக்கை எவ்வளவு திருகினாலும் நிற்கவில்லையே, பழுதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பழுதில்லை. அதில் மெயின்ஸ்பிரிங்கின், அதாவது வாட்சை ஓட்டும் சுருள்வில்லின், வெளிமுனை அதைச் சுற்றியுள்ள உருளையோடு இறுக்கமாக மாட்டப்பட்டிருக்காது. முழுதாக முறுகியதும் உருளையின் உட்சுவரில் வழுக்கிக்கொண்டு போகும். இல்லையென்றால் கையை வீசி நடந்தே ஸ்பிரிங்கை அறுத்துவிடலாம். சீகோ கம்பெனியின் 7எஸ்26 போன்ற சில ஆட்டோமேட்டிக் இயந்திரங்களைத் திருகிச் சாவி கொடுக்கவே முடியாது, ஆட்டித்தான் ஓடவைக்க வேண்டும்.

கழற்றி வைத்தால் ஓரிரு நாளில் பெரும்பாலும் இரண்டு வகையுமே நின்றுவிடும். அதனால்தான் தேதி காட்டாத மாடலாக எடுத்தேன். நின்றால் மணியை மட்டும் திருத்தினால் போதும்.