பஸ் ஸ்டாப் சீட்டைக் கழற்றினவருக்கு லைட் அடித்தவன் நான் (உங்கள் கதையையும் சொல்லுங்கள்)

பெரம்பூர்க்காரன்:
போன மாதம் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. எங்கள் தெருமுனையில் புதிதாக நிழற்குடை வைத்தார்களே, ஓட்டை ஓட்டையாக ஸ்டீல் சீட் போட்டது, அங்கேதான். விடிகாலை நாலே முக்கால், முதல் பஸ்ஸுக்கு நிற்கிறேன். காக்கிச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் சீட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஸ்பானரால் திருகிக்கொண்டிருந்தார். "நட்டெல்லாம் லூசு தம்பி, கொஞ்சம் லைட் அடியேன்" என்றார். அடித்தேன். செல்போன் டார்ச்சைக் குனிந்து பிடித்துக்கொண்டு, இந்த நேரத்திலும் வேலை பார்க்கிறாரே மனுஷன் என்று உள்ளுக்குள் பாராட்டு வேறு. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மூன்று சீட்டில் ஒன்றுகூட இல்லை, கால்கள் மட்டும் நட்டுக்கொண்டு நிற்கின்றன.

29சி அக்கா:
உங்களுக்காவது மேலே எதுவும் விழவில்லை. என்னுடையது பஸ் டே கும்பல், காலேஜ் பையன்கள் தாங்கள் போகும் பஸ்ஸுக்கே விழா எடுக்கிறோம் என்று ஆட்டம் போடுவார்களே, அது. ஹைகோர்ட் தடையெல்லாம் காகிதத்தோடு சரி. 2019 ஜூனில் கூரைமேல் ஏறி ஆடியவர்கள் பிரேக் போட்டதும் பொலபொலவென்று முன்னால் விழுந்த வீடியோ ஞாபகம் இருக்கிறதா, அதே ரகம். ஜன்னலில் தொங்கிக்கொண்டு தகரத்தில் தாளம் போட்டபடி வந்தார்கள், வேறு கல்லூரிப் பையன்கள் ரோட்டோரம் காத்திருந்தார்கள் போல, ஒரே சத்தம், பின்பக்கக் கண்ணாடி மொத்தமும் கல்கண்டு மாதிரி உதிர்ந்து என் மடியில் கொட்டியது. தலையில் வைத்திருந்த பூவுக்குள்கூடக் கண்ணாடி. ஆனால் எனக்கு மறக்காதது கண்டக்டர்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய பேப்பரை விரித்து, சீட் சீட்டாகக் குனிந்து அள்ளினார். எங்களை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, டிரைவரும் அவரும் அந்த ஓட்டை பஸ்ஸோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

சட்டம் தெரிந்தவன்:
பெரம்பூர் சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், காக்கிச் சட்டை போட்டிருந்தால் நம்பிவிடுவதா? எனக்கும் ஒன்று உண்டு: மின்சார ரயிலில் வெளியிலிருந்து வந்த கல் எதிர் சீட்காரர் புருவத்தைக் கிழித்தது, அவ்வளவுதான். இனிமேல் யாருக்கு நடந்தாலும் இப்படிச் செய்யுங்கள். ஆளோடு பேச்சுக் கொடுக்க வேண்டாம், தள்ளி நின்று 100க்கு அடியுங்கள். சென்னைக்குள் நடைபாதை, தெருவிளக்குப் புகாருக்கு 1913. ரயில் என்றால் 139. 'சீட் காணவில்லை' என்று மொட்டையாக எழுதாதீர்கள், பொதுச் சொத்து சேதத்துக்கென்றே 1992இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது, மத்திய அரசின் சட்டம் 1984லேயே இருக்கிறது, இரண்டையும் குறிப்பிடுங்கள். போட்டோவில் ஸ்டாப் பெயரும் விழ வேண்டும். புகார் எண் வாங்காமல் போனை வைக்கவே கூடாது. முக்கியமாக, பழைய இரும்புக் கடையில் நானே விசாரிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், எனக்குத் தெரிந்தவர் ஒருவர் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

மாம்பலம் வாசி:
சட்டமெல்லாம் சரி சார், எங்கள் தெருவில் கை வைத்தது திருடனே இல்லை. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகல நடைபாதை திறந்ததும் சுற்றுவட்டாரத்துக்கே ஆசை வந்தது. அப்புறம் எங்களுக்கும் ஒன்று போட்டார்கள், பைக் ஏறாமலிருக்க முனையில் இடுப்புயரக் கம்பங்களோடு. நடுக் கம்பத்தை ராவோடு ராவாக யாரோ அறுத்துவிட்டார்கள். யாரோ என்ன, வண்டி நிறுத்த இடமில்லாத வீட்டுக்காரர்கள்தான். என் அப்பாவுக்குப் பார்வை மங்கல், கோயிலுக்குப் போகும்போது அந்தக் கம்பத்தைப் பிடித்துத்தான் கீழே இறங்குவார். அன்றைக்கும் வழக்கம்போல கையை நீட்டினார். கை காற்றைத் துழாவுகிறது, நான் நாலடி பின்னால் நிற்கிறேன், ஓடிப் பிடிப்பதற்குள் விழுந்துவிட்டார். மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டு. அறுத்த அடிக்கட்டை இன்னும் இரண்டு விரல் உயரத்துக்கு நிற்கிறது, பைக்காரர்கள் அதை ஒதுக்கி லாகவமாக ஏறிப் போகிறார்கள்.

சக்கரம்:
கம்பத்தை ரொம்பப் புகழாதீர்கள். எங்கள் பக்கம் வைத்த இடைவெளியில் என் தங்கையின் சக்கர நாற்காலி நுழையாது, ரோட்டில்தான் தள்ளிக்கொண்டு போகிறேன். அறுத்தது தப்புதான், ஆனால் எங்கள் தெருவில் யாராவது அறுத்தால் நான் போன் செய்ய மாட்டேன்.

மாம்பலம் வாசி:
இடைவெளியை அளந்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அதை விட்டுவிட்டு அறுக்கிறவனுக்கு வக்காலத்து வாங்காதீர்கள்.

பெரம்பூர்க்காரன்:
சட்டம் சார், 100க்கு அடித்து என்ன சொல்வது, லைட் அடித்தது நான் என்றா? ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். கழற்றிய நட்டு உருண்டு ஓடிவிடுமாம், என் கையில்தான் கொடுத்து வைத்தார். புதுசு மாட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் வந்த அவசரத்தில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டேன். நாலு நட்டு, வாஷரோடு. டிவிக்குப் பக்கத்தில் கிடக்கிறது, இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள், இன்னும் சொல்லவில்லை.