இரண்டு ரின்னிலும் ஒரே நெருப்புப் படம், ஒன்று மட்டும் ஏன் நின்றது?

விமானப் பயணத்துக்கு ஸ்பிரே ரின் கொண்டு போன கதைகள், திருகோணமலைப் பக்கத்து நான்கு வீடுகளிலிருந்து.

உப்புவெளியிலிருந்து:

தம்பி கட்டாருக்கு வேலைக்குப் போன அன்று நடந்தது. அவனோடு அறையில் இருக்கப்போகிறவரும் எங்கள் ஊர்தான். "மூட்டைப்பூச்சிக் கடி தாங்க முடியவில்லை, வரும்போது அடிக்கிற ஸ்பிரே இரண்டு ரின் கொண்டு வா" என்று சொல்லியிருந்தார். கேட்ட பிறகு அம்மா விடுவாரா? என்.சி. வீதியில் இரண்டு ரின் வாங்கி, கருவாட்டுப் பொட்டலத்துக்கும் மிளகாய்த்தூளுக்கும் இடையில் செருகிவிட்டார். பூச்சி மருந்தைச் சாப்பாட்டுச் சாமானோடு வைத்த கதையை இங்கே விரிக்கவில்லை. வீட்டில் பேசி முடித்தாயிற்று.

இரவு வான் வண்டியில் புறப்பட்டோம். ஹபரணையில் ஒரு தேநீர், விடியப்புறம் கட்டுநாயக்க விமான நிலையம். உள்ளே நுழையும் இடத்து ஸ்கேனரிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லிவிட்டார்கள். பூச்சி ஸ்பிரே இரண்டும் வெளியே வந்தன. அதே பெட்டியில் இருந்த, வாசனைக்கு உடம்பில் அடிக்கிற பொடி ஸ்பிரேயையும் ஷேவிங் நுரையையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள். தம்பி சும்மா இருக்கவில்லை. "ஐயா, இதிலும் அதே நெருப்புப் படம்தானே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறான். அதிகாரி சிரித்துக்கொண்டே, "இது உங்கள் உடம்புக்கு, அது பூச்சிக்கு" என்றாராம்.

அப்புறம் விசாரித்துப் பார்த்தேன், அந்த ஒரு வரிதான் சட்டமே. இரண்டு வகை ரின்னிலும் உள்ளே இருப்பதை வெளியே தள்ளுவது பெரும்பாலும் பியூட்டேன், புரொப்பேன் மாதிரியான வாயுதான், சமையல் காஸ் போல எரியக்கூடியது. ஆனால் உடம்புக்குப் பூசுகிற, அடிக்கிற சாமானுக்கும் மருந்துக்கும் மட்டும் ஒரு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். ஒரு ரின் 500 மில்லிக்கு மேற்படக் கூடாது. ஒரு ஆளுக்கு எல்லாம் சேர்த்து 2 லீட்டர், அதில் சென்ட் போத்தலும் அடக்கம். உடம்பில் அடிக்கிற நுளம்பு ஸ்பிரே இந்தக் கணக்கில் வரும். அறைக்கு அடிக்கிற, எரியும் வாயு உள்ள நுளம்பு ஸ்பிரே வராது. சில விமான நிறுவனங்கள் இதைவிடக் கண்டிப்பு, அதனால் டிக்கெட் எடுத்த இடத்தில் ஒருமுறை கேட்பது நல்லது.

அப்பாவின் பயம் வேறு. "மேலே போனதும் வெடித்துவிடுமோ?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார். வெடிக்காது. பயணிகள் விமானத்தில் சாமான் ஏற்றும் கீழறைக்கும் காற்றழுத்தம் கொடுத்திருப்பார்கள். உயரத்தில் பறக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம், கூடிப்போனால் 8000 அடி உயர மலையில் நிற்பது போலத்தான். நம்முடைய பிதுருதலாகல உச்சி அதைவிடக் கொஞ்சம் உயரம், 2524 மீற்றர். அங்கே ஷேவிங் நுரை கொண்டு போனால் வெடிக்குமா என்ன?

உண்மையில் ஆபத்து ஊரில்தான். ரின்னில் 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடு படக்கூடாது என்று எழுதியிருக்கும். கச்சான் என்கிற வெப்பக் காற்று அடிக்கிற மாதங்களில், கண்ணாடி மூடி வெயிலில் நிறுத்திய வானுக்குள் அந்தச் சூடு வர அதிக நேரம் எடுக்காது. பகல் பயணம் என்றால் பெட்டியைக் கடைசியாக ஏற்றுங்கள்.

கிண்ணியாவிலிருந்து:

எங்கள் நானா தோஹாவிலிருந்து லீவில் வரும்போது படகு எஞ்சினுக்குத் துரு இளக்குகிற டபிள்யூடி-40 ஸ்பிரே ஒன்றும், படகில் பேர் எழுத ஸ்பிரே பெயின்ட் மூன்றும் பெட்டியில் வைத்திருக்கிறார். நான்கும் அங்கேயே நின்றுவிட்டன. வந்து இறங்கியதும் வாப்பா கேட்ட முதல் கேள்வி, பெயின்ட் எங்கே என்பதுதான். மகனைப் பார்த்த சந்தோஷமெல்லாம் அப்புறம்தான்.

அதே பயணத்தில் கைப்பையில் இருந்த 150 மில்லி பொடி ஸ்பிரே ஒன்றும் பறிபோனது. "அடியில் கொஞ்சம்தானே இருக்கிறது" என்று சொல்லிப் பார்த்தாராம். கைப்பையில் ஒரு ரின் 100 மில்லிக்கு மேற்படக் கூடாது என்றால் அது ரின்னில் அச்சடித்திருக்கும் அளவு. உள்ளே மிச்சம் எவ்வளவு என்று யாரும் குலுக்கிப் பார்க்க மாட்டார்கள்.

உவர்மலையிலிருந்து:

அம்மாவுக்கு ஆஸ்துமா. லண்டனுக்கு அக்காவிடம் போனபோது, யாரோ "ஸ்பிரே எதுவும் கையில் கொண்டு போக விடமாட்டார்கள்" என்று பயமுறுத்த, இன்ஹேலரைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டார். பெட்டி கீழறையில், அம்மா மேலே இருக்கையில், நடுவானில் இழுப்பு. விமானப் பணிப்பெண் மருந்துப் பெட்டி கொண்டு வந்து சமாளித்திருக்கிறார். தயவுசெய்து யாரும் இப்படிச் செய்யாதீர்கள். இன்ஹேலர் மருந்து. கைப்பையில்தான் இருக்க வேண்டும், 100 மில்லிக் கணக்கு அதற்கு இல்லை. டொக்டர் எழுதிய மருந்துச் சீட்டையும் கூட வைத்துக்கொண்டால் விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

திருகோணமலை நகரிலிருந்து:

நான் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். ஒரு கல்யாணத்துக்காகப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் போனேன். தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே 400 மில்லி ரின் ஆறு என் பெட்டியில். ஒவ்வொன்றும் 500க்குள்தானே என்று நிம்மதியாக இருந்தேன். கூட்டினால் 2400 மில்லி. உதவிக்கு வந்த தங்கச்சியின் பெட்டிக்கு இரண்டை மாற்றிய பிறகு சரி என்றார்கள், கணக்கு ஆளுக்குத்தானே.

ஆனால் அந்த அவசரத்தில் ஒரு ரின்னின் மூடி எங்கேயோ விழுந்துவிட்டது. சென்னையில் பெட்டியைத் திறந்தால் மேலே வைத்திருந்த சேலை முழுக்கப் பசை. ஏதோ ஒன்று பொத்தானை அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. சேலை போனது எனக்குத்தான் நட்டம், ஆனால் அந்த வாயு மூடிய பெட்டிக்குள் நிறைந்து இருந்திருக்கிறது என்று நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது. மூடி இல்லாத ரின்னை இனி வீட்டிலேயே விட்டுவிடுவேன்.

மீண்டும் உப்புவெளி:

மணப்பெண் அலங்காரம் செய்கிற அக்கா சொன்ன அந்த வாயு விஷயத்தோடு சேர்த்து இன்னொன்று. 2017இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு சோதனை செய்தது. சூட்கேசுக்குள் முழுதாகச் சார்ஜ் ஏற்றிய மடிக்கணினி, அதன் பற்றரியோடு சேர்த்துக் கட்டிய உலர் ஷாம்பு ஸ்பிரே. பற்றரியைச் சூடாக்கித் தீப்பிடிக்க வைத்தார்கள். 40 வினாடிக்குள் ரின் வெடித்தது. கீழறையில் தீயணைக்க வைத்திருக்கும் ஹாலோன் வாயு வேலை செய்வதற்கு அந்த நேரம் போதாது என்பதுதான் அவர்கள் கண்டது. பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டு வரச் சொல்வது சும்மா இல்லை. தம்பியின் பவர் பேங்க் அன்று எங்கே இருந்தது என்று கேட்டேன். சட்டைகளுக்கு நடுவில், பொடி ஸ்பிரேக்குப் பக்கத்தில். ஸ்கேனரில் பெட்டியைத் திறந்தபோது அதையும் எடுத்துக் கையில் கொடுத்தார்களாம். பூச்சி ஸ்பிரேக்குச் சண்டை போட்டவன் இதை வீட்டில் மூச்சு விடவில்லை.

அந்த இரண்டு ரின்னும் எங்களோடேயே வான் வண்டியில் திருகோணமலை திரும்பின. அம்மா கரப்பானுக்கு அடிக்கிறார். தம்பி அங்கேயே கடையில் வாங்கிக்கொண்டான், இங்கத்தையதைவிட மலிவாம்.