ஓபர்லீகா வெஸ்டைக் கண்ணால் பார்த்தவர்களைச் சந்தித்ததுண்டா?

எஸ்ஸனிலிருந்து:

ஜேர்மனியின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான ரூரில் குடியேறிய நம்மவர்களிடம் இதைக் கேட்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். 1963 இல் முடிந்துபோன ஓபர்லீகா வெஸ்ட் உதைபந்தாட்டத் தொடரை நேரில் பார்த்த முதியவர்கள் யாரையாவது நீங்கள் சந்தித்திருக்கிறீர்களா? சந்தித்திருந்தால், அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுங்கள். அந்தத் தலைமுறை வேகமாகக் குறைந்து வருகிறது. முதலில் என் கதை.

1989 இல் எஸ்ஸனின் வடக்கே, காட்டர்ன்பெர்க்கில், அண்ணன் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஜேர்மன் மொழியில் பத்து வரை எண்ணக்கூடத் தெரியாது. கீழ்வீட்டில் ஒரு சுரங்கத் தொழிலாளி இருந்தார். 1986 டிசம்பரில் சோல்ஃபெரைன் சுரங்கம் மூடப்பட்டபோது ஐம்பது வயது ஆவதற்கு முன்பே வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று அவருக்கு. அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை எனக்கும் வேலை செய்ய அனுமதி இல்லை. இருவருக்கும் பகல் நீளமாக இருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து அவர்தான் எனக்கு எண்கள் கற்றுக்கொடுத்தார். பாடப்புத்தகம் கிடையாது. எல்லாம் ஆட்ட முடிவுகள்.

"மூன்றுக்கு இரண்டு" என்றால் 1954 ஜூலை 4, பேர்ன் நகரம், உலகக் கிண்ண இறுதியாட்டம், ஹங்கேரியை வென்ற நாள். "நான்குக்கு மூன்று" என்றால் 1955, ஹனோவர், எங்கள் ரோட்-வைஸ் எஸ்ஸன் கைசர்ஸ்லவுட்டர்னை வீழ்த்தி ஜேர்மன் சாம்பியன் ஆன நாள். ஃபிரான்ஸ் இஸ்லாக்கர் மட்டும் 3 கோல். "பூச்சியத்துக்கு நான்கு" என்று சொல்லும்போது குரல் இறங்கிவிடும். அதே ஆண்டு முதல் ஐரோப்பியக் கிண்ணத்தில் ஸ்கொட்லாந்தின் ஹிபர்னியன் அணி எஸ்ஸனுக்கே வந்து அடித்துவிட்டுப் போன கணக்கு அது. இன்றைக்கும் கடையில் மீதிப் பணம் எண்ணும்போது எனக்கு அந்த ஆட்டங்கள்தான் நினைவில் ஓடுகின்றன.

பேர்னில் வெற்றிக் கோலை அடித்த ஹெல்முட் ரான் எஸ்ஸன்காரர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ரோட்-வைஸுக்குப் போவதற்கு முன்பு, 1950-51 பருவத்தில், அவர் எங்கள் காட்டர்ன்பெர்க் அணிக்குத்தான் ஆடினார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கீழ்வீட்டுக்காரர் அப்போது பத்து வயதுப் பையன். லிண்டன்புரூக் மைதானத்தில் தந்தையின் தோளில் ஏறி நின்று பார்த்திருக்கிறார். "வலது ஓரத்தில் பந்து வந்ததும் சனம் முழுவதும் மூச்சை உள்ளே இழுக்கும், அந்தச் சத்தம்தான் என் காதில் நிற்கிறது" என்பார். கோல்களைப் பற்றி அவ்வளவாகச் சொல்லமாட்டார். அந்தச் சத்தத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

ஒருநாள் மருந்துக்கடைப் பையைக் கிழித்து விரித்து, பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். அவருடைய புறங்கையில் தோலுக்கு அடியில் நீல நிறக் கீறல்கள் இருந்தன. சுரங்கத்தில் காயம் பட்ட இடத்தில் கரித்தூள் உள்ளே தங்கி அப்படியே ஆறிவிட்டால் அந்த நீலம் சாகும்வரை போகாது. கோடு எங்கள் 107 ஆம் இலக்க டிராம் பாதை. அதன் இரு பக்கமும் சிறு வட்டங்கள் போட்டார்: காட்டர்ன்பெர்க், ரோட்-வைஸ் ஆடும் ஹாஃபன் தெரு, ஷால்கேயின் குளுக்அவுஃப் மைதானம், கெல்சன்கிர்ஷனுக்குள்ளேயே இருக்கும் ஹோர்ஸ்ட்-எம்ஷர். இன்னும் தள்ளி ஹெர்னே, ஏர்கன்ஷ்விக், ஹம்போர்ன். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் ஒரு சுரங்கத்தின் பெயர். அந்த வட்டங்கள் எல்லாமே நாட்டின் உச்சப் பிரிவில் ஆடிய அணிகள். மேலே வேறு பிரிவு கிடையாது. வடக்கு, மேற்கு, தென்மேற்கு, தெற்கு, பேர்லின் என்று ஐந்து ஓபர்லீகாக்கள் தனித்தனியாக நடக்கும். பருவத்தின் கடைசியில் அவற்றில் முன்னணியில் நின்றவர்கள் மோதி ஜேர்மன் சாம்பியன் யார் என்று முடிவாகும். மேற்குத் தொடர் 1947 இல் 13 அணிகளோடு தொடங்கியது. முதல் பருவத்தில் டோர்ட்முண்ட் முதலிடம், இரண்டாமிடம் காட்டர்ன்பெர்க்! ஷால்கே அதற்கும் கீழே.

யாழ்ப்பாணத்தில் நாவாந்துறைக்கும் பாஷையூருக்கும் ஆட்டம் என்றால் ஊர் எப்படி இருக்கும் என்று அறிந்தவன் நான். அவர் அந்தப் பையில் வட்டம் போட்டபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆட்டக்காரர்களைப் பற்றி அவர் ஓயாமல் சொன்ன ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அவர்களுக்கு ஒப்பந்தம் உண்டு, ஆனால் மாதச் சம்பளம் 320 மார்க்குக்கு மேல் போகக்கூடாது என்று உதைபந்தாட்டச் சங்கம் வரம்பு கட்டியிருந்தது. வேறு தொழிலும் இருந்தாக வேண்டும். ஆகையால் ஞாயிறு மைதானத்தில் பார்த்தவரைத் திங்கள் காலை சுரங்க வாசலிலோ புகையிலைக் கடையிலோ பார்க்கலாம். ஷால்கேயின் பெருமகன் ஏர்ன்ஸ்ட் குசோரா நடத்தியது ஒரு புகையிலைக் கடைதான். "தவறவிட்ட பெனால்டிக்கு நேரில் போய்ப் பதில் கேட்கலாம்" என்பார் கீழ்வீட்டுக்காரர். அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மருந்துக்கடைப் பை என்னிடம் இருக்கிறது.

ஹெர்னேயிலிருந்து:

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் இங்கே பிறந்தவள். என் சந்திப்பு நடந்தது ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த் திருவிழாவில்.

தேர் வீதியில் நின்றுவிட்டது, வடம் இழுப்பவர்கள் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு வயதான ஜேர்மன்காரர், அந்த வெயிலிலும் கழுத்தில் நீலமும் வெள்ளையும் கலந்த சால்வையோடு நின்றார். வெஸ்ட்ஃபாலியா ஹெர்னேயின் நிறம் அது. எங்கள் ஊர் அணியின் சால்வையை வெளியூரில் பார்ப்பது அபூர்வம் என்பதால் நானே போய்ப் பேசினேன். ஹெர்னேயிலிருந்து வருகிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐம்பத்தொன்பது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, சிறிது நேரம்.

1959 இல் ஓபர்லீகா வெஸ்டின் சாம்பியன் ஹெர்னே. டோர்ட்முண்ட், ஷால்கே, கொலோன், எஸ்ஸன் எல்லோரையும் பின்னால் தள்ளிய பருவம் அது. பயிற்றுநர் ஃபிரிட்ஸ் லங்னர். கோல் காப்பாளர் ஹான்ஸ் டில்கொவ்ஸ்கி. 1966 உலகக் கிண்ண வெம்ப்ளி இறுதியாட்டத்தில் பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று இன்றும் வாதிடுகிறார்களே, அந்தப் பந்துக்குக் கீழே கிடந்தவர் அவர்தான். ஹெர்னேயில் எட்டு ஆண்டுகள் ஆடினார். 1963 இல் நாடு முழுவதற்கும் ஒரே தொடராக பண்டஸ்லீகா தொடங்கியது, ஹெர்னேக்கு அதில் இடமில்லை, அவர் டோர்ட்முண்டுக்குப் போனார்.

நான் அந்தப் பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். டில்கொவ்ஸ்கி, குசோரா, செப்பான், கொனியெட்ஸ்கா என்று உங்கள் வீரர்களின் பெயர்களெல்லாம் ஏன் இப்படி ஒலிக்கின்றன? அவர் தேரைக் காட்டினார். "எங்கள் தாத்தாக்கள் மசூரியாவிலிருந்தும் போலந்துப் பக்கத்திலிருந்தும் கரி வெட்ட வந்தவர்கள். அவர்களும் தங்கள் சாமியைத் தூக்கிக்கொண்டு இதே ஊர்த் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சன்னலைச் சாத்தினார்கள்." பிறகு சொன்னார்: "டில்கொவ்ஸ்கி பந்தைப் பிடித்த பிறகு யாரும் பெயரைப் பற்றிப் பேசவில்லை."

இதைக் கேட்டு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பள்ளியில் ஒவ்வொரு ஆண்டும் புது ஆசிரியர் என் பெயரை உச்சரிக்கத் திணறும்போது வகுப்பே திரும்பிப் பார்க்கும். அந்த நாட்களில் இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கக்கூடாதா என்று தோன்றியது.

ஷ்ட்ரூன்கடே கோட்டைக்கு அருகில் எங்கள் மைதானம் இன்னும் இருக்கிறது. ஓபர்லீகா வெஸ்ட் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1947 மே 18 அன்று, இதே மைதானத்தில்தான் வெஸ்ட்ஃபாலன் பிராந்திய இறுதியாட்டத்தில் டோர்ட்முண்ட் 3:2 என்று ஷால்கேயை வென்றது. பல ஆண்டு கால ஷால்கே ஆதிக்கம் அன்றோடு முடிந்தது என்று டோர்ட்முண்ட்காரர்கள் நாள் சொல்லிக் கொண்டாடுவார்கள். இப்போது ஹெர்னே கீழ்ப் பிரிவுகளில் ஆடுகிறது. நான் போகிறேன். படிக்கட்டுகளில் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

ஆகனிலிருந்து:

வணக்கம். நான் திருச்சிக்காரன். முதுகலைப் படிப்புக்காக ஆகன் வந்தேன். நீங்கள் இருவரும் ரூர் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஓபர்லீகா வெஸ்டின் மேற்கு எல்லை இங்கே, பெல்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இங்கே அந்தக் கால்பந்துத் தொடரின் நினைவு இனிப்பானது இல்லை.

எங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். வாடகை கொடுக்கப் போனால் காப்பி கொடுத்து உட்கார வைப்பார். அலமாரியில் தந்தையின் படம், அதன் மேல் கறுப்பு-மஞ்சள் நாடா. அது அலெமானியா ஆகனின் நிறம். அந்தக் கோடு போட்ட சட்டையால் அணிக்கு உருளைக்கிழங்கு வண்டு என்று செல்லப்பெயர். தந்தை எந்தத் தேதியில் இறந்தார் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். 1963 பற்றிக் கேட்டால் யோசிக்கவே மாட்டார்.

1962 ஜூலை 28 அன்று டோர்ட்முண்டின் வெஸ்ட்ஃபாலன் மண்டபத்தில் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் கூடியது. 103 வாக்குகள் ஆதரவு, 26 எதிர்ப்பு. நாடு முழுவதற்கும் ஒரே லீக் என்று முடிவாயிற்று. இதற்காக ஆண்டுக்கணக்கில் வாதாடியவர் கொலோன் கழகத் தலைவர் ஃபிரான்ஸ் கிரேமர். அவர் தரப்பில் நியாயம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. அந்த ஆண்டு சிலியில் நடந்த உலகக் கோப்பையில் ஜெர்மன் அணி காலிறுதியோடு திரும்ப வேண்டியதாயிற்று. நல்ல ஆட்டக்காரர்களை இத்தாலியக் கழகங்கள் பணம் கொடுத்து அழைத்துக்கொண்டிருந்தன. சம்பள வரம்பை வைத்துக்கொண்டு யாரையும் நிறுத்த முடியாது.

ஆனால் 16 இடங்களுக்கு 46 கழகங்கள் விண்ணப்பித்தன. மேற்குக்கு 5 இடங்கள்: கொலோன், டோர்ட்முண்ட், ஷால்கே, மைடரிக், புரோய்சன் முன்ஸ்டர். ஆகன் இல்லை. முந்தைய பன்னிரண்டு பருவங்களின் முடிவுகளை எடை போட்டுக் கணக்கிட்டார்கள், அதோடு பண வசதியும் பார்க்கப்பட்டது. தங்களைவிட மைடரிக்குக்கும் முன்ஸ்டருக்கும் என்ன தகுதி அதிகம் என்று ஆகன் கொதித்தது, எதிர்த்தும் பார்த்தது. பலன் இல்லை. ஒரு நகரத்துக்கு ஒரு கழகம் என்ற விதியால் பேயர்ன் மியூனிக்கே வெளியே நின்ற ஆண்டு அது என்று சொன்னால் இன்றைய ரசிகர்கள் நம்பமாட்டார்கள்.

அம்மையாரின் தந்தை நான்கு ஆண்டுகள் சனிக்கிழமை மாலைகளில் வானொலியைப் போடவில்லையாம். 1967 இல் ஆகன் பண்டஸ்லீகாவுக்கு ஏறிய பிறகு போட்டார். இரண்டே பருவங்களில், 1969 இல், பேயர்னுக்கு அடுத்ததாக இரண்டாமிடம். "அப்பா அன்றைக்கு என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "'முன்பே உள்ளே விட்டிருக்கலாம்' என்றார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார்.

பழைய டிவோலி மைதானத்தை 2011 இல் இடித்தார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. அந்த அம்மையார் சொன்னதை வைத்து வூர்சலன் பக்கத்து நின்று பார்க்கும் படிக்கட்டுகளை மனத்தில் கட்டி வைத்திருக்கிறேன்.

முன்ஸ்டரிலிருந்து:

சுருக்கமாக ஒன்று. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர் இருந்தார். மறதி நோய். பிள்ளைகளின் பெயர் போய்விட்டது. காலையில் உடை மாற்றும்போது மட்டும் ஐந்து பெயர்களை வரிசையாகச் சொல்வார்: கெரிட்சன், பிரைஸ்லர், ஷூல்ட்ஸ், ரஹூபா, லம்மர்ஸ். மருந்துப் பெயர்களோ என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒரு சக ஊழியர் சொன்னார், அது 1951 இல் ஜேர்மன் இறுதியாட்டம் வரை போன புரோய்சன் முன்ஸ்டரின் முன்கள ஐவர், "நூறாயிரம் மார்க் தாக்குதல் வரிசை" என்று பெயர் பெற்றவர்கள் என்று. அதன்பிறகு நான் கெரிட்சன் என்று தொடங்கினால் அவர் மீதி நால்வரையும் சொல்லி முடிக்கும்போது சட்டைக் கையில் கை நுழைந்திருக்கும். கைசர்ஸ்லவுட்டர்னிடம் 1:2 என்று தோற்றதை நான் அவரிடம் ஒருபோதும் சொல்லவில்லை.

மீண்டும் எஸ்ஸனிலிருந்து:

முன்ஸ்டர் தங்கை எழுதியதை வீட்டில் உரக்க வாசித்தேன். நன்றி.

ஆகன் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எழுதிய நியாயம் எல்லாம் சரிதான். கீழ்வீட்டுக்காரரும் பண்டஸ்லீகாவை வெறுத்தவர் அல்லர். 1963 இன் கடைசி இறுதியாட்டத்தில் மோதிய டோர்ட்முண்ட், கொலோன் இரண்டுமே மேற்கு அணிகள் என்பதில் அவருக்கு அளவற்ற பெருமை. பண்டஸ்லீகாவின் முதல் கோலை அடித்த டோர்ட்முண்டின் கொனியெட்ஸ்காவும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்று மார்தட்டுவார். அவருடைய துக்கம் வேறு. 16 பருவங்கள் மட்டுமே நடந்த அந்தத் தொடரில் அவர் போட்ட வட்டங்களில் ஷால்கே ஒன்றுதான் பண்டஸ்லீகாவின் முதல் பருவத்துக்குப் போனது. 1958 இலிருந்தே கரிக்கு விலை விழுந்து சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடத் தொடங்கியிருந்தன. ஊருக்கு அணியும் போயிற்று, சுரங்கமும் போயிற்று. இரண்டும் தன் வாழ்நாளுக்குள்ளேயே போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. 2018 டிசம்பரில் பொட்ரொப்பில் கடைசிச் சுரங்கம் மூடப்பட்டதைப் பார்க்க அவர் இல்லை.

ஹெர்னேத் தங்கைக்கு: அந்தப் பெரியவரை மீண்டும் கண்டால் காட்டர்ன்பெர்க்கைப் பற்றி என்ன நினைவிருக்கிறது என்று கேட்டுச் சொல்லுங்கள். பையில் ஹெர்னே வட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதி, பிறகு விரலால் தேய்த்து அழித்திருக்கிறார். எழுத்து தெரியவில்லை. விரலின் அடையாளம் மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கிறது.